யார் வீட்டுப் புகை? லாஸ் ஏஞ்சலஸ், 1943 முதல் 1975 வரை

இந்த எபிசோடை ஒரு சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெரிய சண்டை எல்லாம் இல்ல, தெருச் சண்டைதான்.

எங்க எதிர்வீட்டுல ஒரு பாட்டி இருக்காங்க. வாசல்ல பெரிய வேப்ப மரம். கொட்டுற இலையை எல்லாம் கூட்டி, வாரத்துக்கு ஒரு தடவை, காலையில ஏழு மணிக்கு, தெருவோரமா குவிச்சு நெருப்பு வைப்பாங்க. இலையோட சேர்ந்து பால் கவர், பிஸ்கட் பாக்கெட் எல்லாம் எரியும். எனக்குச் சின்ன வயசுலேர்ந்து வீசிங் உண்டு. ஒரு நாள் பொறுக்க முடியாம, ஆபீஸ் கிளம்புற அவசரத்துல, ஸ்டார்ட் பண்ண பைக்கை அப்படியே சைடு ஸ்டாண்டு போட்டுட்டு, "இப்படிக் கொளுத்தாதீங்க பாட்டி, மூச்சு முட்டுது"ன்னு போய் நின்னேன். அவங்க நிதானமா என் வண்டியைப் பார்த்தாங்க.

"தம்பி, நான் வாரத்துக்கு ஒரு நாள் கொளுத்துறேன். நீ தினம் ரெண்டு வேளை கொளுத்துற. உன்னுது மட்டும் என்ன, சாம்பிராணியா?"

எனக்குப் பதில் வரல. பின்னாடி வண்டி ஓடிக்கிட்டே இருக்கு.

அன்னைக்கு ராத்திரி அந்தப் பதிலைத் தேடப் போய்த்தான் இந்தக் கதைக்குள்ள விழுந்தேன். ஒரு ஊரே இதே சண்டையை முப்பது வருஷத்துக்கு மேல போட்டிருக்கு. "இது யார் வீட்டுப் புகை?" என்ற ஒரே கேள்விதான். அந்த ஊர் லாஸ் ஏஞ்சலஸ்.

1943 ஜூலை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் நகரத்தின் மையப் பகுதியில் இருந்தவர்களுக்குக் கண் எரிகிறது, மூக்கு ஒழுகுகிறது, தொண்டை கமறுகிறது. மூன்று தெரு தள்ளி என்ன இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு ஒரு மங்கல். ஜப்பான் விஷவாயு போட்டுவிட்டது என்று பேச்சு கிளம்பியது.

சிரிக்காதீங்க. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் நடந்தது. 1942 பிப்ரவரியில் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் சாண்டா பார்பரா பக்கத்தில் எண்ணெய் வயலை நோக்கிக் குண்டு போட்டது. அதற்கு அடுத்த ராத்திரி லாஸ் ஏஞ்சலஸில் ராணுவம், வராத விமானங்களைப் பார்த்து விடிய விடிய வானத்தில் சுட்டுக்கொண்டிருந்தது. அந்த மனநிலையில் இருக்கிற ஊருக்குக் கண் எரிந்தால் வேறென்ன தோணும்?

ஜப்பான் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த குற்றவாளி உடனே கிடைத்தது. அலிசோ தெருவில் பியூட்டாடையீன் என்ற பொருளைத் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. பியூட்டாடையீன் எதுக்குன்னா, செயற்கை ரப்பர் செய்ய. செயற்கை ரப்பர் எதுக்குன்னா, இயற்கை ரப்பர் வருவது நின்றுபோனதால. ஏன் நின்றது? 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்துவிட்டது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலானவர்கள் நம்ம ஊரிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன தமிழர்கள். அவர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானிய ராணுவம் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனது, பாதிக்கு மேல் திரும்பவே இல்லை என்று சொல்வார்கள். அது தனி எபிசோடுக்கான கதை, ஒரு நாள் செய்வேன். இப்போதைக்கு இதை மட்டும் மனசுல வைங்க: அந்தத் தோட்டங்களின் பால் அமெரிக்காவுக்கு வராமல் போனதால்தான் லாஸ் ஏஞ்சலஸ் நடுவில் அந்தத் தொழிற்சாலை முளைத்தது.

மக்கள் கொதித்தார்கள். தொழிற்சாலையைக் கொஞ்ச நாள் மூடினார்கள், பிறகு புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகள் போட்டார்கள். மேயர் பிளெட்சர் பௌரன் 1943 ஆகஸ்டில், இன்னும் நான்கு மாதத்தில் இந்தப் பிரச்சினை முழுசா ஒழிஞ்சிடும் என்று அறிவித்தார். நம்ம பிராஜெக்ட் மேனேஜர்கள் சொல்கிற தேதி மாதிரியே இருக்குல்ல?

புகை போகவில்லை. தொழிற்சாலை மூடியிருந்த நாட்களிலும் வந்தது. போர் முடிந்த பிறகு இன்னும் மோசமானது.

இங்கே ஊரோட அமைப்பைச் சொல்லணும். லாஸ் ஏஞ்சலஸ் ஒரு கிண்ணம். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கங்களில் மலை. கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று கீழே தங்கும், அதன் மேல் சூடான காற்று மூடி போட்டது போல உட்காரும். சாதாரணமாகக் கீழிருக்கிற காற்று சூடாகி மேலே போகும், அதோடு அழுக்கும் போய்விடும். இங்கே மூடி போட்ட குக்கர் மாதிரி. விசில்கூட வராது. 1542இல் அந்தக் கரைக்கு வந்த ஸ்பானிய மாலுமி கப்ரியோ, பூர்வகுடிகள் மூட்டிய நெருப்பின் புகை தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அந்த விரிகுடாவுக்குப் 'புகைகளின் விரிகுடா' என்றே பெயர் வைத்தார். அதாவது நிலம் நானூறு வருஷத்துக்கு முன்னாடியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. அந்தக் கிண்ணத்துக்குள்தான் 1940இலேயே பத்து லட்சம் வாகனங்களுக்கு மேல் ஓடின.

ஆனா அப்போ கார் மேல யாருக்கும் சந்தேகம் வரல. புகைன்னா என்ன? கறுப்பா, சிம்னியிலேர்ந்து வர்றது. அமெரிக்காவில் அதுவரை புகைப் பிரச்சினை என்றாலே நிலக்கரிதான். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை, செயின்ட் லூயிஸ் நகரத்தின் நிலக்கரிப் புகையை ஒழித்த ரேமண்ட் டக்கர் என்பவரை வரவழைத்து ஆராயச் சொன்னது. அவருடைய அறிக்கை 1947 ஜனவரியில் வெளியானது. தொழிற்சாலைகள், குப்பை மேடுகள், வீட்டுக் குப்பை எரிப்பு என்று பலவற்றைச் சுட்டிக்காட்டினார். அதே வருஷம் கலிபோர்னியா சட்டம் போட்டு, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கென்று ஒரு காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பை உருவாக்கியது. அமெரிக்காவில் அந்த மாதிரி அமைப்புகளில் முன்னோடி அது. அதன் முதல் தலைவர் லூயிஸ் மெக்கேப், சுரங்கத் துறையிலிருந்து வந்தவர். அவர் சல்ஃபர் டை ஆக்சைடைத் துரத்தினார். நிலக்கரி, எண்ணெய் எரிந்தால் வருவது அது. சுத்திகரிப்பு ஆலைகளுக்கு உத்தரவு போனது, சல்ஃபர் குறைந்தது.

கண் எரிச்சல் குறையவில்லை. பக் ரிப்போர்ட்ல சொன்ன பக்கை சரி பண்ணிட்டோம், ஆனா கஸ்டமர் இன்னும் அழறார்ங்கிற நிலைமை.

அந்த அமைப்புக்கு ஆலோசகராக இருந்தவர் ஆர்னால்ட் பெக்மன். பி.ஹெச். மீட்டர் செய்து பெயர் வாங்கியவர், வேதியியல் படித்தவர். அவர் மூக்கை நம்பினார். சல்ஃபர் டை ஆக்சைடின் வாசனை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், இது அது இல்லை என்றும் தெரியும். அவர் தேடிப்போனது தனக்குத் தெரிந்த இன்னொரு வேதியியலாளரை. இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் இவர்தான்.

ஆரி ஹாகன்–ஸ்மித். 1900இல் நெதர்லாந்தில் பிறந்தவர். 1937இலிருந்து பாசடேனாவில் உள்ள கால்டெக்கில் பேராசிரியர். அந்தச் சமயத்தில் அவர் செய்துகொண்டிருந்த வேலை, அன்னாசிப்பழத்தின் வாசனை எந்தெந்தப் பொருட்களால் வருகிறது என்று கண்டுபிடிப்பது. பழத்திலிருந்து வரும் ஆவியைப் பயங்கரமாகக் குளிரவைத்துத் திரவமாக்கி, அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பார். காற்றில் மிகக் கொஞ்சமாக இருக்கும் ஒரு பொருளைப் பிடிக்கிற கருவி அவரிடம் இருந்தது. பெக்மன் சொன்னது இவ்வளவுதான்: அன்னாசியைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, அதே கருவியில ஊர்க் காற்றை விட்டுப் பாருங்க.

ஹாகன்–ஸ்மித் ஆய்வகத்து ஜன்னல் வழியாக வெளிக்காற்றை ஆயிரக்கணக்கான கன அடி இழுத்து, குளிரவைத்தார். கிடைத்தது சில துளி பழுப்பு நிறத் திரவம். குடலைப் புரட்டும் நாற்றம். அதைப் பிரித்தபோது அவர் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. அதில் இருந்தவை பெட்ரோலியத்தின் உறவுக்காரர்கள், ஆனால் ஏற்கெனவே பாதி ஆக்சிஜனேற்றம் அடைந்தவை. அதாவது யாரோ பெட்ரோல் ஆவியைக் காற்றில் வைத்தே 'சமைத்திருக்கிறார்கள்'. சமைக்கிறது யாரு? அடுப்பு எங்க?

அடுப்பு மேலதான் இருந்தது. சூரியன்.

வேதியியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஸ்கிப் பண்ணிடாதீங்க, இதுதான் எபிசோடோட உயிர். இன்ஜினுக்குள் சூடு அதிகமாகும்போது காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. அதில் நைட்ரஜன் டை ஆக்சைடு மீது வெயில் பட்டால் ஒரு ஆக்சிஜன் அணு கழன்றுவிடும். அந்தத் தனி அணு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டால் ஓசோன். மேலே வானத்தில் நம்மைக் காப்பாற்றும் அதே ஓசோன்தான், கீழே மூக்கு உயரத்தில் இருந்தால் நுரையீரலை அரிக்கும். சாதாரணமாக, உருவான ஓசோன் மறுபடி நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து பழைய நிலைக்கே திரும்பிவிடும். கணக்கு சரியாகிவிடும். ஆனால் எரியாத பெட்ரோல் ஆவி காற்றில் இருந்தால் அது நடுவில் புகுந்து அந்தத் திரும்பும் வழியை அடைத்துவிடுகிறது. ஓசோன் சேர்ந்துகொண்டே போகிறது. கூடவே கண்ணை எரிக்கிற வேறு சில பொருட்களும் உருவாகின்றன.

தனித்தனியாப் பார்த்தா இந்த அளவுல எதுவுமே ஊரை அழவைக்காது. யூனிட் டெஸ்ட்ல எல்லாம் பாஸ். புரொடக்‌ஷன்ல, வெயில்ல, ஒண்ணா ஓடும்போதுதான் வெடிக்குது. ஆரம்பத்தில் யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணமும் இதுதான். எந்தச் சிம்னியின் வாயிலும் இந்த விஷம் இல்லை. எந்த சைலன்சரின் வாயிலும் இல்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் விடுகிற புகை, மதியம் வெயிலில் வெந்து, காற்றோடு நகர்ந்து, மலையடிவாரத்தில் இருக்கிற வேறு ஊர்க்காரனின் கண்ணை எரிக்கிறது. பாசடேனாவுக்கு வந்தது பெரும்பாலும் பாசடேனாவின் புகை அல்ல.

லண்டனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடியது நிலக்கரிப் புகையும் பனியும். குளிர்காலம், கறுப்பு, சல்ஃபர். அப்போதே சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள், பின்னாளில் வந்த மதிப்பீடுகள் இன்னும் அதிகம். லாஸ் ஏஞ்சலஸில் வருவது வெயில்காலத்தில், மதிய நேரத்தில், பழுப்பு நிறத்தில். இரண்டுக்கும் 'ஸ்மாக்' என்றே பெயர். புகையும் பனியும் சேர்ந்த சொல் அது. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்மாக்கில் புகையும் அதிகம் இல்லை, பனியும் இல்லை. பெயரே தப்பான ஆளைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

ஹாகன்–ஸ்மித்தின் சோதனைகள் ஒரு பள்ளிக்கூட லேப்பில் செய்கிற மாதிரி எளிமையானவை, அதுதான் அழகு. அந்தப் பக்கத்து விவசாயிகளின் கீரைகளில் 1940களின் நடுவிலிருந்தே ஒரு விசித்திரமான நோய், இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியது போல ஆகிவிடும். இவர் மூடிய அறையில் செடிகளை வைத்து, பெட்ரோல் ஆவியையும் ஓசோனையும் கலந்து விட்டார். அதே வெள்ளிப் பூச்சு வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் கார் டயர்கள் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் வெடித்துப் பிளக்கின்றன என்பதும் தெரிந்த விஷயம். ரப்பரை ஓசோன் தின்னும். ரப்பர் துண்டை வளைத்துக் காற்றில் வைத்து, எத்தனை நிமிடத்தில் விரிசல் விழுகிறது என்று பார்த்தே அவர் ஓசோனை அளந்தார். ரப்பர் செய்கிற தொழிற்சாலை மீது பழி போட்டு ஆரம்பித்த கதையில், கடைசியில் சாட்சி சொன்னது ரப்பர்.

1949 இறுதியில் பெர்க்லியில் ஒரு கால்பந்துப் போட்டி. காற்றே இல்லாத நாள். ஆயிரக்கணக்கான கார்கள் மைதானத்தைச் சுற்றி ஊர்ந்தும் நின்றும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே லாஸ் ஏஞ்சலஸைப் போலவே கண் எரிந்தது. பெரிய தொழிற்சாலை எதையும் கைகாட்ட முடியாத இடம். 1950இலிருந்தே ஹாகன்–ஸ்மித் தன் முடிவைப் பேச ஆரம்பித்தார், 1952இல் முழுக் கட்டுரை வந்தது. குற்றவாளிகள் இரண்டு: எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் தொட்டிகளிலிருந்தும் கசிகிற ஆவி, அப்புறம் கார்.

எண்ணெய்க் கம்பெனிகள் சும்மா இருக்குமா? அவர்களுடைய சங்கம் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து ஆய்வு செய்யச் சொன்னது. அவர்கள் ஹாகன்–ஸ்மித் சொல்வது நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். அங்கிருந்து ஒருவர் கால்டெக்குக்கே வந்து, இவர் முன்னாலேயே, இவர் செய்தது தப்பு என்று சொற்பொழிவு ஆற்றினார். ஹாகன்–ஸ்மித்துக்கு வந்தது கோபம். அதுவரை இந்த வேலையை முடித்துவிட்டு அன்னாசிக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தார். அந்த நாளுக்குப் பிறகு முழுநேரமும் ஸ்மாக்தான். அந்தச் சொற்பொழிவு மட்டும் நடக்கலன்னா, அவர் பழ வாசனைக்கே போயிருப்பார்னு நினைக்கிறேன். மீட்டிங்கில் ஒருத்தரை எல்லார் முன்னாடியும் மட்டம் தட்டுறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

1950களின் நடுவுக்குள் அறிவியல் வாதம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஆலைகளின் கசிவை அடைத்தார்கள். மிச்சம் இருந்தவை இரண்டு: கொல்லைப்புறமும் காரும்.

முதலில் கொல்லைப்புறம், ஏன்னா பாட்டி காத்துக்கிட்டிருக்காங்க. லாஸ் ஏஞ்சலஸில் வீட்டுக்கு வீடு, பின்பக்கத்தில் கான்கிரீட்டிலோ தகரத்திலோ ஒரு குப்பை எரிப்பான் இருக்கும். லட்சக்கணக்கில் இருந்தன. காகிதம், இலை, அட்டைப்பெட்டி, எல்லாம் அதில் போகும். அதைத் தடை செய்யப்போவதாகச் சொன்னபோது மக்களுக்கு வந்த ஆத்திரம் நியாயமானது. பெரிய ஆலையை விட்டுட்டு என் வீட்டுக் குப்பைத் தொட்டிக்கு வர்றியான்னு கேட்டாங்க. 1954 அக்டோபரில் நாள் கணக்கில் ஸ்மாக் விலகவில்லை, பள்ளிகளை மூடினார்கள். ஒரு சங்கத்துக்காரர்கள் விருந்துக்கே வாயுக் கவசம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், அந்தப் படம் இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. 1955இல் அளந்த ஓசோன் 0.68 பிபிஎம். அந்த ஊரில் அதற்குப் பிறகு அந்த அளவு வரவில்லை. கடைசியில் 1957 அக்டோபர் 1 முதல் வீட்டு எரிப்பான்களுக்குத் தடை.

தடை போட்டதும் இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. எரித்துக்கொண்டிருந்த குப்பையை இப்போது யாராவது எடுக்க வேண்டும். லாரி வந்தது, தகர டப்பா வேறு, சமையல் கழிவு வேறு என்று வீட்டில் பிரித்துப் போடவேண்டிய நிலை வந்தது. அது எவ்வளவு எரிச்சலைக் கிளப்பியது என்றால், 1961 மேயர் தேர்தலில் சாம் யார்ட்டி, இல்லத்தரசிகளைக் குப்பை பிரிக்கும் தொல்லையிலிருந்து விடுவிப்பேன் என்று வாக்குறுதி கொடுத்தார். ஜெயிச்சார்!

எரிப்பான் போனதால் வானத்தில் கரித்தூள் குறைந்தது. ஓசோன்? அது இருந்தது. ஏன்னா கார் இருந்தது.

இனிமேல் வரும் பகுதியைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பிபி ஏறும். கென்னத் ஹான் என்று ஒரு கவுண்டி நிர்வாகக் குழு உறுப்பினர். இளைஞர். 1953 தொடக்கத்திலிருந்து அவர் டெட்ராய்ட்டின் கார் கம்பெனித் தலைவர்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்: உங்க கார் எங்க ஊரை மூச்சுத் திணறவைக்குது, என்ன செய்யப்போறீங்க? ஃபோர்டிலிருந்து வந்த பதிலின் சாரம்: கார் புகையை எங்கள் பொறியாளர்கள் அறிவார்கள், ஆனால் அது காற்றில் சீக்கிரம் கலைந்துவிடும், அதனால் பிரச்சினை இல்லை. ஹான் விடவில்லை. வருஷக் கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். ஆராய்கிறோம், ஆராய்கிறோம் என்றே பதில் வந்தது.

1955இல் கார் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டன. புகை கட்டுப்படுத்தும் தொழில்நுட்பத்தில் யார் எதைக் கண்டுபிடித்தாலும் காப்புரிமையை எல்லாரும் பகிர்ந்துகொள்வோம் என்று. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஓப்பன் சோர்ஸ் மாதிரி. ஆனா இன்னொரு கோணத்துல பாருங்க. கண்டுபிடிச்சாலும் போட்டியாளரைவிட எனக்கு ஒரு பைசா லாபம் கிடையாது என்றால், நான் எதுக்கு அவசரப்பட்டுக் கண்டுபிடிக்கணும்?

வெளியே வேறு ஆட்கள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர், கச்சா எண்ணெயிலிருந்து அதிக பெட்ரோல் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவர். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்மாக் பற்றிய ஆய்வுகளைப் படித்து, சைலன்சர் வழியில் வினையூக்கி ஒன்றை வைத்துப் புகையைச் சுத்தம் செய்யும் கருவிக்கு 1950களிலேயே காப்புரிமை வாங்கினார். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். ஆனால் அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது, ஈயம் வினையூக்கியைக் கொன்றுவிடும். ஹூட்ரி 1962இல் இறந்தார். தன் கருவி ஒவ்வொரு காரிலும் ஏறுவதை அவர் பார்க்கவில்லை.

கலிபோர்னியா கடைசியில் ஒரு தந்திரம் செய்தது. மாநில வாரியம் இரண்டு கருவிகளுக்காவது ஒப்புதல் கொடுத்துவிட்டால், அதன்பிறகு விற்கும் புதுக் கார்களில் அந்த மாதிரி கருவி கட்டாயம் என்று சட்டம். கார் கம்பெனிகள், 1967 மாடலுக்கு முன்னால் எங்களால் முடியவே முடியாது என்றன. 1964 ஜூனில் வாரியம் நான்கு கருவிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. நான்கையும் செய்தவை கார் கம்பெனிகள் அல்ல, வெளிக் கம்பெனிகள். இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், 1966 மாடலிலேயே எங்க சொந்த முறையில முடியும்னு டெட்ராய்ட் சொல்லிருச்சு. முடியாதுன்னு சொன்னது இன்ஜினியரிங் இல்ல. அவ்வளவுதான் சொல்லுவேன்.

1969 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை, கார் உற்பத்தியாளர் சங்கத்தின் மீதும் நான்கு பெரிய கம்பெனிகள் மீதும் வழக்குப் போட்டது. புகைக் கருவிகளைத் தாமதப்படுத்த 1953 முதல் கூட்டுச்சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே வருஷம் சமரசத்தில் முடிந்தது. கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, இனி அப்படிச் செய்யமாட்டோம் என்று கையெழுத்து மட்டும் போட்டன. விசாரணை நடக்கவே இல்லை. ஆவணங்கள் நீதிமன்றத்தில் விரிக்கப்படவே இல்லை.

அதற்கு முன்பே, 1967இல், கலிபோர்னியா காற்று வள வாரியம் பிறந்திருந்தது. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? அன்னாசிக்காரர். ஹாகன்–ஸ்மித். 1970இல் வந்த மத்திய சட்டம், ஐந்து வருஷத்தில் கார் புகையை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. மறுபடி ஒப்பாரி, மறுபடி கெடு நீட்டிப்பு. ஆனால் 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவற்றில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஏறியது. அதற்காகவே ஈயம் இல்லாத பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது.

1952இலிருந்து 1975. இருபத்து மூன்று வருஷம். காரணம் தெரிந்த பிறகு ஆன நேரம் அது. ஹாகன்–ஸ்மித்தின் கட்டுரை வந்த வருஷம் பாசடேனாவில் பிறந்த குழந்தை, டிகிரி முடித்து வேலைக்குப் போகும் வயசு வரைக்கும் அந்தக் காற்றைத்தான் இழுத்தது.

கருவி வேலை செய்ததா? செய்தது. 1977இல் அந்தப் பகுதியில் வருஷத்துக்கு நூறு நாளைத் தாண்டி ஸ்மாக் எச்சரிக்கை விடுத்தார்கள். 1999இல் அதே அளவுகோலில் ஒரு நாள்கூட இல்லை. இத்தனைக்கும் மக்களும் கார்களும் கூடியிருந்த காலம். இன்னமும் அமெரிக்காவில் ஓசோன் மோசமான ஊர்ப் பட்டியலில் முதல் வரிசையில் லாஸ் ஏஞ்சலஸ்தான், அதையும் சொல்லிடணும். கிண்ணம் கிண்ணம்தான்.

நம்ம ஊருக்கு அந்தக் கருவி எப்போ வந்தது? 1995 ஏப்ரலில், டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதுப் பெட்ரோல் கார்களுக்கு மட்டும் கட்டாயமானது. கூடவே ஈயம் இல்லாத பெட்ரோலும் அங்கே வந்தது. 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. அமெரிக்கா அந்தக் கருவியைப் போட்டு இருபது வருஷம் கழித்து. அதற்கப்புறம் நாம் கொஞ்சம் வேகம் பிடித்தோம். 2020 ஏப்ரலில் பிஎஸ்–4இலிருந்து பிஎஸ்–5ஐத் தாண்டி நேராக பிஎஸ்–6க்குப் போனோம். என் பைக் பிஎஸ்–6. அதன் சைலன்சருக்குள்ளும் ஹூட்ரியின் கருவியோட பேரப்பிள்ளை ஒண்ணு இருக்கு.

அதனால எனக்குப் பாட்டிக்குச் சொல்லப் பதில் கிடைச்சிருச்சுன்னு நினைச்சேன். கன்வர்ட்டர் சூடாகுற வரைக்கும் சரியா வேலை செய்யாது, அதனால காலையில ஸ்டார்ட் பண்ணி சும்மா நிறுத்தி வைக்கிற அந்த நேரம்தான் வண்டி மோசமா புகைக்கிற நேரம் என்பதைப் படிக்கிற வரைக்கும். நான் பாட்டிகிட்ட நியாயம் கேக்கப் போன நேரமும் அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவங்க வாசல் திண்ணையில உட்கார்ந்து இந்தக் கதையைச் சுருக்கமாச் சொன்னேன். அன்னாசி பற்றிச் சொன்னபோது சிரிச்சாங்க. கார் கம்பெனி பற்றிச் சொன்னபோது, "எல்லா ஊர்லயும் அப்படித்தான்"னாங்க. எரிப்பான் தடை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க.

"சரி, கொளுத்தக் கூடாதுன்னுட்டாங்க. அப்புறம் அந்தக் குப்பையை யாரு எடுத்தா?"

"லாரி வந்துச்சு பாட்டி."

"இலையை எடுக்குமா?"

எங்க தெருவுக்கு வர்ற குப்பை வண்டி இலையை எடுக்காது. எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துட்டாங்களாம். இந்த வாரம் நானும் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கேன். அதுவரைக்கும் இலை எங்க மாடியில நாலு கோணியில இருக்கு, மக்கவைக்க முயற்சி பண்றேன். மாட்டுச் சாணம் போடணும்ங்கறாங்க, புளிச்ச மோர் ஊத்தணும்ங்கறாங்க. தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.